சும்மா இருக்கும் கணினிகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)



பரவல் கணிப்புக்காகப் பல்கலைக்கழக ஆய்வுகள் தந்த கட்டற்ற மென்பொருள்கள் என்று என் தலைப்பை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். பரவல் கணிப்பு என்றால் கணக்கு வேலையைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுச் செய்வது. ஒரு பட்டியலை வாசித்துவிட்டு உட்காரவும் அந்தத் தலைப்பு இடம் தருகிறது. உங்களுக்கு அந்தத் தண்டனை வேண்டாம். ஒரே ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதை ஒட்டி வந்துபோகும்.

அதன் இன்றைய பெயர் எச்.டி.காண்டர். பிறந்தபோது வெறும் காண்டர். அமெரிக்கக் கண்டத்துப் பிணந்தின்னிக் கழுகு ஒன்றின் பெயர். அதே பெயருக்கு வணிகக் குறி உரிமை கோரிய ஒரு நிறுவனத்தோடு எழுந்த வழக்கைச் சமரசமாக முடிக்க, 2012இல் முன்னால் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மேடிசன் நகர வளாகத்தில், 1980களில் தொடங்கியது. இன்றும் அங்கேயேதான் எழுதப்படுகிறது. புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆய்வுக்காக எழுதப்படும் மென்பொருளின் ஆயுள் பெரும்பாலும் அதை எழுதிய மாணவர் பட்டம் வாங்கும் நாளோடு முடிந்துவிடும் என்பது இங்கே இருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். இது மட்டும் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

தொடக்கத்தைப் பார்ப்போம். அதற்கு முந்தைய காலத்தில் ஒரு துறைக்கு ஒரு பெரிய கணினி இருக்கும். எல்லோரும் அதைப் பங்குபோட்டுக்கொண்டார்கள், எல்லோரும் காத்திருந்தார்கள். 1980களில் மேசைக்கு ஒரு பணிநிலையக் கணினி வந்தது. காத்திருப்பு ஒழிந்தது. கூடவே பங்குபோடுவதும் ஒழிந்தது. கட்டுரை தட்டச்சு செய்பவரின் கணினி நாளின் பெரும்பகுதி சும்மா இருந்தது. ஆயிரம் மணி நேரக் கணக்கை ஓட்ட வேண்டியவருக்கும் அதேபோல ஒன்றுதான் கிடைத்தது. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்திலிருந்து மேடிசனுக்கு வந்த மிரோன் லிவ்னியின் முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றியதுதான்: ஓரிடத்தில் வேலை வரிசையில் நிற்க, இன்னோரிடத்தில் கணினி வெறுமனே கிடக்கும் நிலையை எப்படிக் குறைப்பது? மேடிசனில் அவரும் மாட் முட்காவும் தங்கள் துறைக் கணினிகளைக் கண்காணித்து அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டுத் திறன் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே இருந்த மைக்கேல் லிட்ஸ்கோ, தொலைவிலுள்ள யூனிக்ஸ் கணினிக்கு வேலையை அனுப்பி ஓட்டும் நிரலை எழுதியிருந்தார். மூவரும் சேர்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரை, சும்மா இருக்கும் கணினிகளைத் தேடிப் பிடிக்கும் வேட்டைக்காரன் என்று காண்டரை அறிமுகப்படுத்தியது. அந்தக் கட்டுரையில் பேசப்படும் கணினிகள் மொத்தம் 23. இந்த ஊரில் ஒரு நடுத்தரக் கல்லூரியின் ஆய்வகத்தில் இதைவிட அதிகம் இருக்கும்.

சும்மா இருக்கும் கணினியைப் பயன்படுத்துவோம் என்ற யோசனை யாருக்கும் வரும். அது வேறு இடங்களிலும் வந்தது. காண்டரைத் தனித்துக் காட்டியது, கணினிக்கு உரியவரை அது நடத்திய விதம். விதி ஒன்றுதான்: என்ன ஆனாலும் உரிமையாளர் கையில்தான் அதிகாரம். அவர் திரும்பி வந்து விசைப்பலகையைத் தொட்டால், அதில் ஓடிக்கொண்டிருக்கும் அயலார் வேலை விலகிவிட வேண்டும். எந்த நேரத்தில் அனுமதிப்பது, யாருடைய வேலைக்கு முன்னுரிமை, விசைப்பலகை எத்தனை நிமிடம் தொடப்படாமல் இருந்தால் கணினி சும்மா இருப்பதாகக் கருதலாம், எல்லாவற்றையும் அவரே எழுதிவைக்கலாம்.

சொல்ல எளிது. நூறு மணி நேரக் கணக்கு ஒன்று 60ஆம் மணியில் துரத்தப்பட்டால் என்ன ஆகும்? மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அது ஒருநாளும் முடியாது. எனவே ஓடும் நிரலின் நினைவகத்தை அப்படியே படமெடுத்துச் சேமித்து, இன்னொரு கணினியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வழியைக் கண்டார்கள். அடுத்த சிக்கல் கோப்புகள். வேலை ஓடும் கணினியில் அதை அனுப்பியவரின் கோப்புகள் இருக்காது. அதற்காக, அனுப்பியவரின் கணினியிலேயே ஒரு துணைநிரல் காத்திருக்கும். தொலைவில் ஓடும் நிரல் ஒரு கோப்பைத் திறக்கக் கேட்டால், கேள்வி கம்பி வழியே இங்கே வந்து, பதில் திரும்பிப் போகும். இரவல் கணினியில் நம் நிரல் தங்கியிருக்கிறதே ஒழிய, அந்த வீட்டுப் பெட்டியைத் திறப்பதில்லை. அந்தத் துணைநிரலுக்கு நிழல் என்றே பெயர் வைத்தார்கள். கணினித்துறைக்காரர்கள் வைத்த பெயர்களில் எனக்குப் பிடித்த சிலவற்றில் அது ஒன்று.

இன்னொரு நுட்பம். ஒருவர் ஆயிரம் வேலைகளை வரிசையில் கொட்டிவிட்டுப் போகிறார். எப்போதாவது ஒரே ஒரு வேலையோடு வருகிறவர் அவருக்குப் பின்னால் நிற்கத்தான் வேண்டுமா? முட்காவும் லிவ்னியும் வகுத்த முறையில், நிறைய வாங்கிக்கொண்டே இருப்பவரின் முன்னுரிமை இறங்கும். கேட்டுக் கிடைக்காமல் இருப்பவரின் முன்னுரிமை ஏறும். இங்கே பல்கலைக்கழகங்களில் கணினி நேரத்தை யாருக்கு ஒதுக்குவது என்று குழு போட்டு, கூட்டம் கூட்டி, தேநீர் குடித்து முடிவு செய்கிறோம். அதை இவர்கள் சில வரி நிரலில் எழுதிவிட்டார்கள்.

1990களில் கணினிகள் பலவகையாகப் பெருகியபோது, எந்த வேலைக்கு எந்தக் கணினி என்று தீர்மானிக்க ராஜேஷ் ராமன், லிவ்னி, மார்வின் சாலமன் ஆகியோர் 1998இல் ஒரு வழி சொன்னார்கள். செய்தித்தாளின் வரி விளம்பரம்தான் மாதிரி. கணினி தன்னைப் பற்றி ஒரு விளம்பரம் தருகிறது: இவ்வளவு நினைவகம், இந்த இயங்குதளம், இன்ன நேரத்தில் இன்னார் வேலைதான் ஏற்பேன். வேலையும் ஒரு விளம்பரம் தருகிறது: எனக்கு இவ்வளவு நினைவகம் தேவை, வேகமான கணினி கிடைத்தால் நல்லது. நடுவில் ஒரு தரகர் இரண்டையும் பொருத்திப் பார்த்து இருவருக்கும் தகவல் தருகிறார். தரகரின் பொறுப்பு அங்கே முடிகிறது. அதற்குப் பிறகு வேலையின் தரப்பும் கணினியின் தரப்பும் நேரில் பேசி, நிலவரம் மாறியிருந்தால் மறுத்துவிடலாம். அதாவது நடுவில் இருப்பவருக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. கணினி வலைப்பின்னலில் எதுவும் எந்த நொடியிலும் செயலிழக்கலாம் என்பதால் இது நல்ல பொறியியல். பல நிறுவனங்கள் தங்கள் கணினிகளை ஒன்றாக இணைக்கத் துணிந்ததற்கும் இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். தன் சாவியை யாரும் யாரிடமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனி ஒரு கருத்து வேறுபாட்டைத் தொட வேண்டும். மீக்கணினி என்றதும் நாம் நொடிக்கு எத்தனை கணக்கு என்று கேட்கிறோம். நாளிதழ்களில் வரும் தரவரிசையும் அதைத்தான் அளக்கிறது. 1996இல் நாசாவின் காடர்ட் மையத்தில் பேசிய லிவ்னி, பல விஞ்ஞானிகளுக்கு அந்த அளவுகோல் பயனற்றது என்றார். அவர்கள் கேட்பது, இந்த ஆண்டு முடிவதற்குள் எத்தனை கணக்கு முடியும் என்பதுதான். நொடிக் கணக்கை ஆண்டுக் கணக்காக்க 60, 60, 24, 7, 52 என்று பெருக்கினால் போதும் என்று தோன்றும். அந்தப் பெருக்கலுக்குள் மின்தடை, பழுது, விடுமுறை, கடவுச்சொல்லை மறந்த நிர்வாகி என்று எல்லாம் ஒளிந்திருக்கின்றன. நாள்தோறும், மாதக்கணக்கில் ஓயாமல் வேலை வாங்குவது தனிக் கலை. உயர் செயல்வீத விளைச்சல் என்று அதை நாம் தமிழில் சொன்னால் வாய் வலிக்கும். நீடித்த விளைச்சல் என்றே வைத்துக்கொள்கிறேன். பெயரில் பிற்காலத்தில் சேர்ந்த எச்.டி. என்ற அந்த இரண்டு எழுத்துகள் இதன் ஆங்கிலப் பெயரான ஹை த்ரூபுட் என்பதைக் குறிப்பவைதான்.

அது என்ன விளைவித்தது? ஒரு கணிதப் புதிரைச் சொல்கிறேன். 30 வசதிகளை 30 இடங்களில், அவற்றுக்கிடையே நடக்கும் போக்குவரத்தின் மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும்படி அமைக்க வேண்டும். 1968இல் முன்வைக்கப்பட்ட கணக்கு. அமைப்பு முறைகளின் எண்ணிக்கை 33 இலக்கம் கொண்டது. ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடவாத காரியம். நல்ல விடைகள் ஏற்கெனவே கையில் இருந்தன. அதைவிடச் சிறந்தது இல்லை என்று நிரூபிக்கத்தான் யாராலும் முடியவில்லை. 2000ஆம் ஆண்டு ஜூனில் கர்ட் ஆன்ஸ்ட்ரைகர், நேதன் பிரிக்ஸியஸ், ஜான்-பியர் கூ, ஜெஃப் லிண்டரோத் ஆகிய நால்வர் அதை முடித்தார்கள். விஸ்கான்சின் தொடங்கி இத்தாலி வரை பல நிறுவனங்களின் கணினிகளைக் காண்டர் வழியே இணைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் ஓட்டினார்கள். சராசரியாக 650 கணினிகள், உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேல். அந்த வாரம் முழுவதும் கணினிகள் வந்து சேர்ந்துகொண்டும் விலகிப் போய்க்கொண்டும் இருந்தன, கணக்கு நிற்கவில்லை. மீக்கணினி ஒன்றை ஒரு வாரத்துக்கு முழுதாகக் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

இன்னொன்று உங்களுக்கே தெரிந்த நிகழ்ச்சி. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ கருவிகள் ஈர்ப்பலையை முதன்முதலாக உணர்ந்தன. அலை வந்துபோனது ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரம். அது உண்மை அலைதானா, இரு கருவிகளிலும் தற்செயலாக ஒரே சமயத்தில் எழுந்த இரைச்சலா என்று நிறுவத்தான் கணினிகள் தேவைப்பட்டன. சுமார் இரண்டரை லட்சம் மாதிரி அலைவடிவங்களைத் தரவோடு ஒப்பிட வேண்டும். பிறகு, ஒரு கருவியின் தரவை மற்றதற்கு எதிராகக் காலத்தில் சிறிது சிறிதாக நகர்த்தி, உண்மை அலையால் பொருந்தவே முடியாத நிலையில் எத்தனை போலிப் பொருத்தங்கள் கிடைக்கின்றன என்று எண்ண வேண்டும். அப்படி எண்ணித்தான், இவ்வளவு வலுவான போலி 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வராது என்று கட்டுரையில் எழுத முடிந்தது. தனித்தனியாகச் செய்யத்தக்க எண்ணற்ற சிறு வேலைகள், சில முடிந்தபின்தான் சில தொடங்கலாம் என்ற வரிசைக் கட்டுப்பாடு: காண்டருக்கென்றே அளவெடுத்துத் தைத்த கணக்கு. இந்த வரிசைகளைத் திட்டமிட்ட பெகாசஸ் என்னும் மென்பொருளும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஈவா டீல்மன் குழு எழுதிய கட்டற்ற மென்பொருள். அது வேலைகளைக் காண்டரிடம்தான் ஒப்படைக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் இயற்பியல் மாணவர்கள் சிலர் அந்தத் தரவோடு மல்லுக்கட்டப் போகிறவர்கள் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

வெற்றிக் கதை இவ்வளவு போதும். இதே காலத்தில் பிறந்த மற்றவற்றின் கதி என்ன?

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் யுட்டோபியா என்று ஓர் ஆய்வுத் திட்டம் இருந்தது. காண்டரின் நெருங்கிய உறவு. அதை நடத்திய சோங்னியன் சௌ 1992இல் நிறுவனம் தொடங்கி, எல்.எஸ்.எஃப் என்ற பெயரில் விற்றார். நல்ல மென்பொருள், நன்றாக விற்றது. நிறுவனத்தைப் பின்னாளில் ஐ.பி.எம். வாங்கிக்கொண்டது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் நெடுங்காலம் எல்.எஸ்.எஃபைத்தான் பயன்படுத்தியது. கணினிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, கடந்த பத்தாண்டின் பிற்பகுதியில் எச்.டி.காண்டருக்கு மாறியது. விற்றது தவறு என்று நான் சொல்லவில்லை. விற்றதால்தான் அதற்குச் சோறு கிடைத்தது.

குளோபஸ் வேறு கதை. இயன் ஃபாஸ்டர், கார்ல் கெஸல்மன், ஸ்டீவ் டூக் மூவரும் 1990களில் உருவாக்கிய கருவித்தொகுதி. கிரிட் கணிப்பு என்ற சொல் உலகமெல்லாம் முழங்கிய காலம் அது. மின்கம்பியில் மின்சாரம் வருவதுபோலக் கணிப்புத் திறன் வரும் என்றார்கள். அந்த ஆரவாரம் எனக்கு அன்றே உவப்பாக இல்லை. ஆனால் மென்பொருள் மெய்யாகவே உழைத்தது. செர்ன் ஆய்வகத்தின் ஹாட்ரான் மோதல் கருவியின் தரவு கண்டம்விட்டுக் கண்டம் போனதில் அதன் கோப்புப் பரிமாற்ற நிரலுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் நல்கைகள் புதியதைக் கட்டத்தான் வந்தன, இருப்பதைக் காக்க வரவில்லை. கட்டற்ற கருவித்தொகுதிக்கு 2018 ஜனவரியோடு ஆதரவு நிற்கும் என்று அதைப் பராமரித்த சிகாகோ பல்கலைக்கழகக் குழு அறிவித்து, சந்தா கட்டும் சேவையாகத் தன்னை மாற்றிக்கொண்டது. பல நாட்டு ஆய்வகங்கள் பதறின. மூலநிரல் திறந்திருந்ததால் சிலர் அதை எடுத்து வேறு பெயரில் பராமரிக்க முன்வந்தார்கள். உரிமம் அங்கே உயிரைக் காத்தது. ஆனால் உரிமத்தால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. பிழை திருத்த ஆள் வேண்டும்.

பொதுமக்களின் வீட்டுக் கணினிகளை அறிவியலுக்கு இரவல் கேட்டது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். வேற்றுலக உயிரின் வானொலிச் சமிக்ஞையைத் தேடும் செட்டி@ஹோம் 1999 மேயில் தொடங்கியது, லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அதற்குள் இருந்த பொறியைப் பிரித்தெடுத்து, எந்த அறிவியலுக்கும் பயன்படும்படி டேவிட் ஆண்டர்சன் 2002இல் தொடங்கியது பாயின்க். முகமறியாத கணினியிலிருந்து வரும் விடையை நம்பலாமா என்பது அங்கே முதல் கேள்வி. ஒரே வேலையை இரண்டு வீடுகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்தால் மட்டும் ஏற்றார்கள். கொடுத்தவருக்கு ஊதியம் கிடையாது, மதிப்பெண் உண்டு. அதற்காக மனிதர்கள் புதுக் கணினியே வாங்கினார்கள்! 2010இல் இந்த வழியே அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தவர் ஒருவரின் கணினியும் அதுவரை அறியப்படாத ஒரு துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தன. செட்டி@ஹோம் 2020 மார்ச் 31 அன்று வேலை அனுப்புவதை நிறுத்தியது. கையிலிருந்த முடிவுகளை அலசி முடிப்பதில் அந்தச் சிறு குழு கவனம் செலுத்த வேண்டியிருந்தது.

இப்போது ஒரு கல்வெட்டுச் செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தா விளக்குக்குக் கொடை தந்தவர்கள் நெய்க்குடத்தைக் கொண்டுவந்து இறக்கவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் தந்தார்கள். சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டு அவற்றைச் சொல்கிறது. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். குட்டிகளால் இடையர் எண்ணிக்கையை நிரப்பி, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மீதிப் பாலும் குட்டியும் அவர் பிழைப்பு. விளக்கைவிட, இடையர் எப்படிச் சாப்பிடுவார் என்பதைக் கொடையாளர் முதலில் யோசித்திருக்கிறார். ஆண்டுக்கொரு சொற்பொழிவு என்று முதலை வங்கியில் போட்டிருக்கும் அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மேடிசனில் நடந்ததும் இதுதான். மாணவர்கள் ஆய்வு செய்தார்கள், பட்டம் பெற்றுப் போனார்கள். நிரலைக் காத்தவர்கள் முழுநேர ஊழியர்கள். டாட் டானன்பாம் போன்றவர்கள் 1990களிலிருந்து அங்கேயே இருக்கிறார்கள். இந்த ஊழியர்களின் சம்பளத்துக்காக ஒரு பேராசிரியர் நல்கை விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்; பெரும்பகுதி அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணம். மென்பொருளும் முதல் நாளே முழுதாகத் திறந்துவிடப்படவில்லை. கட்டணமின்றிக் கிடைத்தாலும் மூலநிரல் நெடுநாள் எல்லோர் கைக்கும் வரவில்லை. இப்போதுள்ள அபாச்சி என்னும் கட்டற்ற உரிமம் 2008 வாக்கில் வந்தது. தூய கொள்கையாளர்களுக்கு இது கசக்கும். எனக்குக் கசக்கவில்லை. பராமரிப்பில் கழிப்பதும் அடக்கம்: நினைவகத்தைப் படமெடுக்கும் அந்தப் பழைய புகழ்பெற்ற நுட்பத்தை, காலம் மாறியபின், அண்மைப் பதிப்புகளிலிருந்து அவர்களே எடுத்துவிட்டார்கள். தன் முதல் ஆய்வுக் கட்டுரையின் பெருமையைத் தானே வெட்டி எறிய ஊழியரால் முடியும்; ஆய்வேட்டுக்கு வாரிசானவரால் முடியாது.

இந்த ஊழியருக்கு நம் பல்கலைக்கழகங்களில் பதவிப்பெயர்கூடக் கிடையாது. ஒன்பது ஆண்டு பிழை திருத்தியவரிடம் நேர்காணலில் எத்தனை கட்டுரை என்று கேட்போம். ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பெயர் பிரிட்டனில் 2012இல்தான் புழக்கத்துக்கு வந்தது. மென்பொருளையே கட்டுரையாக ஏற்று மதிப்பிடும் ஓர் இதழ் 2016இல் தொடங்கியது. நமக்கும் ஒன்றும் காலம் கடந்துவிடவில்லை. திட்டப் பணத்தில் இரண்டாண்டுக்கு ஒருவரை நியமித்து, மூன்றாம் ஆண்டு வெளியே அனுப்பும் வழக்கத்தை நிறுத்தி, நிரந்தர ஊதியத்தில் ஓர் இடம் உருவாக்குங்கள். இந்த அறக்கட்டளைக்காரர்கள் மனம் வைத்தால் அடுத்த ஆண்டு என்னைப்போல ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவதற்குப் பதில் அதைத் தொடங்கலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

மாணவர்கள் கேட்பார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று. எச்.டி.காண்டரை ஒரே கணினியில் நிறுவியும் பழகலாம். அடுத்து உங்கள் ஆய்வகத்துக் கணினிகளை இணைக்க விரும்பினால், அங்கே பொறுப்பில் இருக்கும் ஆய்வக உதவியாளரிடம் முதலில் போங்கள். செய்முறை வகுப்பு எப்போது, தேர்வு எப்போது, எந்தக் கணினியை யாரும் தொடக்கூடாது, மின்சாரத்தை எத்தனை மணிக்கு நிறுத்துவார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை வரி பிசகாமல் விதியாக எழுதி, அவரிடமே காட்டி, சரி என்று அவர் சொன்னபிறகு முதல் வேலையை அனுப்புங்கள்.